ஃபீட்பேக் தாளில் எல்லாரும் 5 போட்டால் பயிற்சி பலித்ததா?

கேள்வி: "திருப்பூரில் 10 லைன் ஓடும் பின்னலாடை யூனிட்டில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஃபீட்பேக் தாள் வாங்குகிறோம். எல்லாரும் 5க்கு 5. ஆனால் லைனில் ஆல்டர் (தப்பு வந்து பிரித்துத் திரும்பத் தைக்கும் பீஸ்) குறைந்தபாடில்லை. 'இந்தப் பயிற்சியால என்ன பிரயோஜனம், நம்பர்ல காட்டுங்க' என்கிறார் முதலாளி. 'அதட்டலன்னா லைன் ஓடாதுங்க' என்கிறார்கள் சூப்பர்வைசர்கள். மனப்போக்கு, கனிவு இதெல்லாம் அளக்கக்கூடிய சமாச்சாரமா?"

அளக்கலாம். அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அளந்த எண் யார் கைக்குப் போகும், அதை வைத்து யாருக்குத் திட்டு விழும்? லைனில் இருப்பவர்களுக்கு இதற்கான விடை தெரிந்த மறுநாளே உங்கள் எண்கள் எல்லாம் அதற்கேற்ப வளைந்துவிடும். ஃபீட்பேக் தாளில் 5க்கு 5 விழுவதும், செக்கிங் டேபிளுக்கு வரும்முன் தப்பு பீஸ் கட்டுக்குள் ஒளிவதும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள். பயம் உள்ள இடத்தில் அளப்பது, தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை போடுவது மாதிரிதான்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். பயிற்சி தந்தவர் வாசலில் நிற்கிறார், தாளில் பெயர் எழுதச் சொல்கிறார்கள், எழுதி முடித்தால்தான் டீ. இதில் யார் 2 போடுவார்? போதாக்குறைக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தமிழ்த் தாளைப் படிக்கத் தெரியாது. பக்கத்திலிருப்பவர் போட்டதைப் பார்த்து அதையே போடுவார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்டு கிர்க்பாட்ரிக், பயிற்சியின் விளைவை 4 படிகளாகப் பிரித்து 1959இல் எழுதத் தொடங்கினார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பவை அந்தப் படிகள். உங்கள் தாள் தொடுவது முதல் படியை மட்டுமே, அதையும் கோணலாக. வகுப்பு பிடித்திருந்தது என்பதால் கற்றுக்கொண்டார்கள் என்று ஆகிவிடாது. நகைச்சுவையாகப் பேசுகிற பயிற்சியாளருக்கு எப்போதும் 5 விழும்.

தாளைத் தூக்கிப் போட வேண்டாம், கேள்விகளை மாற்றினால் போதும். மூன்றே கேள்விகள், வாயால் கேளுங்கள், பெயர் குறிக்காதீர்கள். நாளைக்குக் காலையில் மெஷினில் உட்கார்ந்ததும் எதை மாற்றிச் செய்வீர்கள்? அப்படிச் செய்யவிடாமல் எது தடுக்கும்? இன்றைக்குச் சொன்னதில் எது விளங்கவில்லை? இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த சக தொழிலாளி கேட்பது நல்லது, சூப்பர்வைசர் கேட்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் தங்கம். "ரிப் அளவு மாறி மாறி வருது", "மார்க் போட்டு வர்றதில்ல", "நின்னு பார்த்தா சத்தம் போடறாங்க" என்று வரும். இவற்றில் எதையும் வகுப்பு நடத்தித் தீர்க்க முடியாது. இப்படி வடிகட்டிப் பார்த்தால், பயிற்சி தேவை என்று உங்களிடம் வரும் கோரிக்கைகளில் கணிசமானவை கட்டிங் பிரச்சினையாகவோ மெஷின் பிரச்சினையாகவோ இருப்பது தெரியவரும்.

அடுத்தது, "தரம்" என்று பொதுவாக வகுப்பு எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு வேலை, ஒரு தப்பு என்று பிடியுங்கள். வட்டக் கழுத்து டி-சர்ட்டில் கழுத்து ரிப் (இழுபடும் பின்னல் பட்டி) வைப்பதை எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக் மெஷினில் செய்யும் வேலை. ரிப் பட்டியை வளையமாக மூட்டி, பாடியின் கழுத்து வட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். ரிப் வளையம் கழுத்து வட்டத்தைவிடச் சிறியது; துணியின் இழுவையைப் பொறுத்து பெரும்பாலும் ஐந்தில் நான்கு பங்கு அல்லது சற்றே கூடுதலாக இருக்கும். ஆகவே தைக்கும்போது ரிப்பை மட்டும் சீராக இழுக்க வேண்டும், பாடி இழுபடக் கூடாது. பாடி இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும். ரிப்பை ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இழுத்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தளர்ந்து கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஊசி முனை மழுங்கியிருந்தால் இழை அறுந்து, துவைத்த பிறகு ஓட்டையாகத் தெரியும்.

இந்த வேலையைச் சொல்லித் தர அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை நடந்த போர்க்காலத் தொழிற்பயிற்சித் திட்டத்தின் முறைக்கு மேல் நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். பின்னாளில் டொயோட்டா எடுத்துக்கொண்டதும் அதைத்தான். நான்கு படிகள்: கற்பவரைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய வை, பிறகு போய்ப் பார். செய்து காட்டும்போது மூன்று தடவை காட்ட வேண்டும். முதல் தடவை என்ன செய்கிறோம் என்று மட்டும், இரண்டாம் தடவை எதில் கவனம் என்று, மூன்றாம் தடவை ஏன் என்று. கற்பவரும் செய்துகொண்டே அந்த "ஏன்" வரைக்கும் தன் வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். ஆள் கற்கவில்லை என்றால் சொல்லித் தந்தவர் சொல்லித் தரவில்லை என்று பொருள், இதுதான் அந்தத் திட்டம் பயிற்சியாளர்களுக்குப் போட்ட விதி. இந்த ஒற்றை விதியை மனசார ஏற்றுக்கொண்டால் அளவிடுவதன் திசையே மாறிவிடும். பரீட்சை எழுதுவது டெய்லர், மார்க் விழுவது பயிற்சியாளருக்கு.

கற்றாரா என்பதைப் பேனாவால் சோதிக்காதீர்கள். அவருடைய சொந்த மெஷினில், அன்றைய துணியில், 5 பீஸ் தைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். கையில் 6 வரி கொண்ட தாள் போதும்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஊசி முனையை நகத்தால் தடவிப் பார்த்தாரா?
ரிப் ஜாயிண்ட், சரக்கு வாங்குபவர் (பையர்) தந்த ஸ்பெக்கில் சொன்ன இடத்தில் வந்ததா?
ரிப்பிலும் பாடியின் கழுத்திலும் போட்ட நான்கு மார்க்கும் ஒன்றோடு ஒன்று பொருந்தினவா?
ரிப் மட்டும் இழுபட்டதா, பாடி தளர்வாக இருந்ததா?
முதல் பீஸ் முடிந்ததும் டேப் வைத்து ரிப் அகலத்தை நான்கு இடத்தில் பார்த்தாரா?
தப்பு வந்த பீஸைத் தானே தனியாக எடுத்து வைத்தாரா?

உண்டு, இல்லை, இரண்டே பதில். "நன்று, பரவாயில்லை, சுமார்" என்று வைத்தால் பார்ப்பவரின் மனநிலைதான் தாளில் பதிவாகும். 5 பீஸையும் சேர்த்துப் பார்த்து வரிக்கு ஒரே டிக்.

இந்தத் தாளை நம்புவதற்கு முன் தாளையே ஒரு தடவை சோதியுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், 10 டெய்லர்களைக் கவனிக்கட்டும். மொத்தம் 60 டிக். அதில் 54க்கும் மேல் ஒத்துப்போனால் தாள் தேறியது. 45தான் ஒத்துப்போகிறது என்றால் டெய்லர்களைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. "சீராக இழுப்பது" என்றால் என்ன என்பதில் நீங்கள் இருவரே உடன்படவில்லை என்று அர்த்தம். நான்காம் வரியில்தான் பெரும்பாலும் இந்தச் சண்டை வரும். ஒரு நல்ல பீஸையும் ஒரு கெட்ட பீஸையும் கண்ணெதிரே தொங்கவிட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

எப்போது பார்ப்பது? வகுப்பு முடிந்த மாலையே பார்த்தால் எல்லாரும் தேறுவார்கள். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இல் தன் மீதே நடத்திய சோதனையில், மனப்பாடம் செய்த அசைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மறந்துபோனது. இந்த வளைவைப் பயிற்சி வகுப்புகளில் காட்டிப் பயமுறுத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது. அது பொருளற்ற அசைகளைப் பற்றியது. கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. லைனில் நடப்பது வேறு. புது முறை மறந்துபோவதில்லை, பழைய முறை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவசரம் வந்ததும் கை தனக்குப் பழகியதைச் செய்யும். அதனால் மறுநாள், 3ஆம் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம் என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம் பாருங்கள். அதில் ஒரு தடவையாவது ஷிப்மெண்ட் நெருக்கடி உள்ள நாளாக, ஒன்றரை ஷிப்ட் ஓடும் மாலையாக இருக்கட்டும். அன்றைக்கு நிற்பதுதான் கற்றது. இப்படிப் போய்ப் பார்ப்பதே ஒரு பாடமும்கூட. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தினார்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். எனவே போய் நின்றதும் மறுபடி விளக்க ஆரம்பிக்காதீர்கள். "ஏனுங்கக்கா, இந்த ஜாயிண்ட்ட ஏன் இங்க வெக்கறோம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

இனி முதலாளி கேட்கும் நம்பர். உங்கள் யூனிட்டில் ஏற்கெனவே இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று எபிஷியன்சி: தைத்த பீஸ் எண்ணிக்கையை அந்த வேலைக்கான சாம் நிமிடத்தால் (ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நேரம்) பெருக்கி, வேலை நேரத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குவது. ரிப் வைக்க 0.45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 480 நிமிடத்தில் 600 பீஸ் தைத்தவரின் எபிஷியன்சி 56 சதவீதம். இன்னொன்று டி.எச்.யு.: பார்த்த 100 பீஸுக்கு எத்தனை தப்பு. 1,200 பீஸ் பார்த்து 108 கழுத்துத் தப்பு என்றால் 9. ஒரே பீஸில் இரண்டு தப்பு இருந்தால் இரண்டாகவே எண்ண வேண்டும். ஒரு செக்கர் பீஸையும் இன்னொருவர் தப்பையும் எண்ணிக்கொண்டிருந்தால் லைனுக்கு லைன் ஒப்பிடவே முடியாது. இதை முதலில் சரிசெய்யுங்கள்.

இப்போது பொறி. பயிற்சிக்கு முன் 9, பின் 6 என்று போய் நிற்காதீர்கள். இடையில் துணி லாட் மாறியிருக்கும், ஸ்டைல் மாறியிருக்கும், புது ஸ்டைல் ஏறிய முதல் நாட்களின் தடுமாற்றம் தானாக அடங்கியிருக்கும். "அதெல்லாம் துணி நல்லா வந்துச்சுங்க" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரே வார்த்தையில் உங்கள் கணக்கைக் கலைத்துவிடுவார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். பதிலுக்கு உங்களிடம் ஒரு ஒப்பீட்டு லைன் இருக்க வேண்டும். 10 லைனையும் ஒரே நாளில் பயிற்சிக்கு அழைக்காமல், சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி 5 லைனுக்கு முதலிலும், மீதி 5க்கு 6 வாரம் கழித்தும் கொடுங்கள். யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை, வரிசைதான் குலுக்கலில் வந்தது. பயிற்சி பெற்ற லைன்கள் 9லிருந்து 6க்கு வந்து, காத்திருக்கும் லைன்களும் 9லிருந்து 7.5க்கு வந்திருந்தால், உங்கள் கணக்கில் எழுத வேண்டியது 1.5 மட்டும். மீதி 1.5 துணிக்கும் காலத்துக்கும் சேர்ந்தது. தினசரி எண் சும்மாவே ஏறி இறங்கும் என்பதால் முன் 12 வேலை நாள், பின் 12 வேலை நாள் என்று எடுத்து, நாள்வாரியாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தால் சத்தம் போடாமல் இன்னும் 12 நாள் காத்திருங்கள்.

குலுக்கல் என்பது ஏட்டு யோசனை இல்லை. பெங்களூருவில் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் 5 ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, பிரச்சினையைக் கையாள்வது போன்றவற்றில் பயிற்சி கொடுத்தபோது, விரும்பியவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆளெடுத்தார்கள். அத்வர்யு, காலா, நிஷாதம் என்ற மூன்று பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். பயிற்சி முடிந்த பின், பெற்றவர்களின் உற்பத்தித்திறன் பெறாதவர்களைவிட 13.5 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே லைனில் உட்கார்ந்திருந்த, பயிற்சி பெறாத சகதொழிலாளர்களிடமும் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. கூலி மட்டும் மிகச் சொற்பமாகவே ஏறியது. முதலாளியிடம் இதைச் சொல்லும்போது அந்தக் கடைசி வரியை விழுங்கிவிடாதீர்கள். பயிற்சியின் பலன் யார் பைக்குப் போகிறது என்று தொழிலாளிக்கும் கணக்குத் தெரியும்.

உங்கள் 1.5ஐ நிமிடமாக மாற்றுவோம். எண்கள் வழிமுறை காட்டத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். லைனுக்கு நாளொன்றுக்கு 1,200 பீஸ், டி.எச்.யு. 1.5 குறைந்தால் 18 கழுத்து ஆல்டர் குறைவு. பிரிக்க, திரும்பத் தைக்க, மறுபடி செக் செய்ய பீஸுக்கு 4 நிமிடம் என்றால் 72 நிமிடம் மிச்சம். செலவுப் பக்கம்: லைனுக்கு ரிப் வைப்பவர் 2 பேர், தலைக்கு 120 நிமிட வகுப்பு, ஆக 240. நான்கு தடவை 15 நிமிடம் போய்ப் பார்த்தது 120. எல்லாரும் விட்டுவிடுகிற மூன்றாவது கணக்கு, வேகம் குறைந்த நாட்கள்: 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 2 பேர், ஆக 480. மொத்தம் 840 நிமிடம். 72ஆல் வகுத்தால் 12 வேலை நாளில் போட்டது திரும்பிவிடும். பெரிய லாப சதவீதம் சொல்வதைவிட "12 நாளில் கை கடிக்காமல் வந்துவிடும், அதன் பிறகு வருவது மிச்சம்" என்பது முதலாளிக்கு நன்றாக விளங்கும்.

அந்த 480 நிமிடத்தில்தான் பாதிப் பயிற்சிகள் செத்துப்போகின்றன. புது முறையில் கை பழகும்வரை பீஸ் குறையும். முதல் நாள் மாலையே சூப்பர்வைசர் வந்து "இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், பழையபடி ஓட்டுங்க" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் போர்டில் எழுத வேண்டியது பீஸ் எண்ணிக்கை. ஆகவே எழுத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த 4 நாளுக்கு இந்த 2 பேருக்கு டார்கெட் இத்தனை குறைவு. பீஸ் ரேட்டில் தைப்பவர் என்றால் இன்னும் கூர்மையான சிக்கல், கற்றுக்கொண்ட குற்றத்துக்கு அவர் கூலி குறைகிறது. முந்தைய 12 நாள் சராசரிக் கூலியை அந்த 4 நாளுக்கும் உறுதியாகக் கொடுங்கள். கனிவு என்று சுவரில் ஆயிரம் வாசகம் ஒட்டலாம். லைனில் இருப்பவர் அதைச் சம்பளக் கவரில்தான் தேடுவார்.

சூப்பர்வைசர்களின் "அதட்டலன்னா ஓடாது" என்பதற்கு வருவோம். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பேசியபோது அவர் காதில் விழுந்ததும் இதுதான். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த தடவை நன்றாகச் செய்கிறான், எனவே திட்டுதான் வேலை செய்கிறது என்றார்கள். நடப்பது என்னவென்றால், மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் யாருக்கும் சராசரியை நோக்கித்தான் திரும்பும், மிகச் சிறந்த நாளுக்கு அடுத்த நாளும் அப்படியே. திட்டாமல் இருந்திருந்தாலும் திரும்பியிருக்கும். கானமன் தரையில் ஒரு இலக்கு வரைந்து, அதற்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஆளுக்கு இரண்டு நாணயம் பின்புறமாக வீசச் சொன்னார். முதலில் மிக அருகில் போட்டவர்கள் இரண்டாம் தடவை பெரும்பாலும் தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டவர்கள் நெருங்கினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. உங்கள் சூப்பர்வைசர் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். சாக்பீஸ் வட்டம், ஒரு ரூபாய் நாணயங்கள், 10 நிமிடம். ஒரு மணி நேர உரை செய்யாததைச் செய்யும்.

இதே கண்ணி உங்களுக்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் ஆல்டர் அதிகம் வந்த 10 பேரைப் பொறுக்கிப் பயிற்சிக்கு அனுப்பினால் அடுத்த வாரம் அவர்கள் முன்னேறத்தான் செய்வார்கள், பாதி தானாக. வேலையில்லாத நேரத்தில் சும்மா இருப்பவர்களை வகுப்புக்கு அனுப்பி எண்ணிக்கை நிரப்புவதும் கணக்கைக் கெடுக்கும். குலுக்கலை விட்டால் இவற்றுக்கு வேறு மருந்து இல்லை.

சரி, கனிவை எப்படி எண்ணுவது? "உங்கள் சூப்பர்வைசர் அன்பாக நடந்துகொள்கிறாரா" என்று கேட்டால் மறுபடி 5க்கு 5. நடத்தையை எண்ணுங்கள். எளிதில் எண்ணக்கூடியவை நான்கு. டெய்லரே கண்டுபிடித்துச் சொன்ன தப்பு, செக்கிங்கில் பிடிபட்ட தப்பு, இரண்டின் விகிதம். தப்பு தெரிந்ததிலிருந்து அது தைத்தவரின் மெஷினுக்குத் திரும்பி வர ஆன நேரம். புதிதாகச் சேர்ந்த 20 பேரில் 30ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் மிஞ்சியவர்கள். கடைசியாக, தப்பு பீஸைக் கையில் எடுத்ததும் சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். பத்துச் சம்பவத்தைக் கவனித்து எழுதுங்கள். "இது யாரு தச்சது?" என்று எத்தனை, "இது எந்த எடத்துல ஆரம்பிச்சதுங்க?" என்று எத்தனை. முதல் கேள்விக்குப் பதில் ஒரு ஆள், அத்தோடு விசாரணை முடிந்தது. இரண்டாவதுக்குப் பதில் ஒரு மார்க், ஒரு ஊசி, ஒரு கட்டிங் அளவு.

முதல் எண்ணைப் பற்றி முதலாளியிடம் இப்போதே எச்சரித்துவிடுங்கள். கனிவு கூடினால் முதல் மாதம் தப்பு ஏறும். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996இல் எழுதியது இது: நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் பிழைக்கவில்லை, அதிகம் ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது பிறகு துலங்கியது. 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களில் அவர் பார்த்ததும் இதன் தொடர்ச்சி: தப்பைச் சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுக்களில்தான் கற்கும் நடத்தையும் கூடுதல். உங்கள் தளத்தில் ஏறுவது வெளிச்சத்தாலா, சீரழிவாலா என்று பிரிக்க ஒரு வழி: லைனுக்குள் டெய்லர் சொன்ன தப்பையும் கடைசி செக்கிங்கில் வந்த தப்பையும் தனித்தனிக் கோடாக வரையுங்கள். உள்ளே ஏறி, கடைசியில் இறங்கினால் நல்ல சேதி. இரண்டும் ஏறினால் தைப்பதிலேயே கோளாறு. இரண்டும் திடீரென்று இறங்கினால் அதுதான் அதிகம் பயப்பட வேண்டிய நிலை. யாரோ எங்கோ அதட்டியிருக்கிறார்கள், பீஸ் எங்கோ ஒளிகிறது. பையர் இன்ஸ்பெக்‌ஷனில் வந்து நிற்கும்.

மனப்போக்கு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் பிறகு எளிய புதிரையே தேடினார்கள், தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள், "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் கடினமானதை எடுத்தார்கள். ஆனால் திறமை முயற்சியால் வளரும் என்ற 'வளரும் மனப்போக்கை'ச் சிறு பாடமாக ஊட்டும் திட்டங்களின் விளைவு சின்னது. அமெரிக்காவில் 2019இல் வெளியான பெரிய பள்ளி ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி, ஏறத்தாழ 4 புள்ளி அளவுகோலில், சுமார் 0.1தான் ஏறியது. ஒரு நாள் வகுப்பு எடுத்து மனப்போக்கை மாற்றிவிட்டேன் என்று பில் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது பாராட்டின் வடிவம் மட்டும். "நீங்க நல்ல டெய்லருங்க" என்பது ஆளுக்குப் பட்டம். நாளைக்குத் தப்பு வந்தால் பட்டம் போகுமே என்று மறைக்கத் தோன்றும். "நாலு மார்க்கும் பொருந்தியிருக்கு, அதான் கழுத்து அப்படியே உட்கார்ந்திருக்கு பாருங்கக்கா" என்பது வேலைக்குக் கிடைத்த சொல். அதை அவர் நாளைக்கும் செய்ய முடியும்.

20 பேரை வைத்துக்கொண்டு பெரிய புள்ளியியல் வேண்டாம். பயிற்சி மதிப்பீட்டு வல்லுநர் ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் சொல்லும் வழி இந்த அளவுக்குப் பொருத்தம்: 6ஆம் வாரத் தாளைப் பார்த்து, மிக நன்றாக மாறிய 2 பேர், துளியும் மாறாத 2 பேர், இந்த நால்வரிடம் மட்டும் ஆளுக்கு 20 நிமிடம் பேசுங்கள். மாறாதவரிடம் "ஏன் செய்யல" என்று ஆரம்பித்தால் அவர் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவார். "எது குறுக்க வந்துச்சு" என்று கேளுங்கள். மார்க் போடும் கைமடி ஆள் (உதவியாளர்) வேறு லைனுக்குப் போய்விட்டார் என்பது போன்ற, எந்த ரிப்போர்ட்டிலும் வராத விடை வரும்.

கெட்டுப்போகும் இடம் இன்னொன்று உண்டு. ஆறு வரித் தாள் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் யாராவது ஒருவர் அதை இன்கிரிமெண்டோடு இணைக்கலாமே என்பார். அன்றோடு அது செத்தது. பிரிட்டிஷ் பொருளியலாளர் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னது ஓவர்லாக்குக்கும் பொருந்தும்: ஒரு அளவை இலக்காக்கிப் பிடித்து இழுத்தால் அது அளவாக இருப்பதை நிறுத்திக்கொள்ளும். நீங்கள் வரும்போது ஊசியைத் தடவுவார்கள், போனதும் விடுவார்கள். தாளில் டெய்லர் பெயருக்குப் பதில் லைன் எண்ணும், சொல்லித் தந்தவர் பெயரும் இருக்கட்டும். 6 வாரம் முடிந்ததும் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனித் தாள்களைக் கிழித்துப் போடுவதாக லைனிலேயே சொல்லி, அவர்கள் பார்க்கவே கிழியுங்கள். பெயரைச் சிவப்பில் எழுதும் போர்டு ஏதாவது தொங்கினால் குலுக்கலுக்கு முந்தைய வாரமே இறக்கிவிடுங்கள். முன் 12 நாள் கணக்கு அது இறங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். போர்டு இருந்த காலத்து எண்ணையும் இல்லாத காலத்து எண்ணையும் ஒப்பிட்டால் பயிற்சி கெடுதல் செய்தது என்றே கணக்கு காட்டும்.

முதலாளிக்கு ஒரு பக்கம் போதும். மேலே இரண்டு கோடு, உள்ளே சொன்ன தப்பு, கடைசியில் வந்த தப்பு. நடுவில் 9, 6, 7.5, பயிற்சியின் பங்கான 1.5 என்ற நான்கு எண்கள். அடியில் 840ம் 72ம். பின்பக்கத்தில், அந்த நால்வரிடம் பேசியதில் தெரிந்த, வகுப்பால் தீராத மூன்று தடைகளும் அவற்றை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும். அதில் முதல் தடைக்கு எதிரே கட்டிங் மாஸ்டர் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.